"நீ என்ன டாக்டரா?"ங்கறது பதில் இல்லை

1/ மருத்துவம் பத்தி ஒரு வக்கீலோ பத்திரிகைக்காரரோ எழுதினா, முதல் கமெண்ட்டே "நீ என்ன டாக்டரா?"ன்னு தான் வருது. அதுல பாதி என் சக டாக்டர்கள். அவங்களுக்கும், அந்தக் கேள்வியோட வாசிப்பை நிறுத்திடற உங்களுக்கும் தான் இந்தத் த்ரெட்.

2/ 1998. லண்டன்ல ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டாக்டர், லான்செட் இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மொத்தமே 12 குழந்தைகள். எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்குமோன்னு பயம் பரவ அதுவே போதுமா இருந்தது. பட்டம், பதவி, பெரிய இதழ், எல்லாம் அவர் பக்கம்.

3/ அதைத் தோண்டினது பிரையன் டீர். மருத்துவம் படிக்காத பத்திரிகையாளர். தடுப்பூசி கம்பெனிகள் மேல வழக்கு நடத்தின வக்கீல் தரப்புல வேக்ஃபீல்ட் பணம் வாங்கினதை 2004ல் வெளியே கொண்டுவந்தார். அப்புறம் அந்தக் குழந்தைகளோட மருத்துவப் பதிவும் கட்டுரையும் ஒத்துப்போகலைன்னு காட்டினார். 2010ல் லான்செட் கட்டுரையை வாபஸ் வாங்கியது. அதே வருஷம் வேக்ஃபீல்டோட டாக்டர் பதிவும் ரத்து.

4/ ஆனா அந்தப் பயம் இன்னும் சாகல. "ஊசி போட்டா ஆட்டிசம் வருமா சார்?"னு ஓபில இன்னிக்கும் கேக்கறாங்க. கிளப்பிவிட்டவர் டாக்டர்.

5/ நம்ம ஊருக்கு வாங்க. தமிழ்ல பல பத்தாண்டு அறிவியல் எழுதின பெ.நா. அப்புஸ்வாமி, தொழிலால் வக்கீல். மூளையைப் பத்தி 'தலைமைச் செயலகம்' எழுதின சுஜாதா, இன்ஜினியர். அவங்களையும் "நீ என்ன டாக்டரா?"ன்னு விரட்டியிருந்தா நஷ்டம் யாருக்கு?

6/ "அப்போ யார் வேணா வைத்தியம் பார்க்கலாமா?" கூடாது. ஊசி போட, மருந்து எழுத உரிய படிப்பு கட்டாயம். எழுதறதுக்குக் கட்டாயம் ஆதாரம். ஆதாரம் எங்கே? எத்தனை பேர்கிட்ட பார்த்தது? பணம் யாரோடது? தப்புன்னு காட்டினா திருத்துவாரா? சுகர் மாத்திரையை நிறுத்தச் சொல்ற யூடியூபர்கிட்ட கேளுங்க. எம்.பி.பி.எஸ். முடிச்ச என்கிட்டயும் கேளுங்க.

7/ சக டாக்டர்களே, அடுத்த தடவை அந்தக் கமெண்ட்டை டைப் பண்றதுக்கு முன்னாடி, அவர் எழுதினதுல எந்த வரி தப்பு, ஏன் தப்புன்னு எழுதுங்க. அப்படி ஒரு வரி கிடைக்கலைன்னா, ஷேர் பண்ணிட்டுப் போங்க.