நிப்பிள் எங்கை நிக்குது?

பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்காரர் என்னிடம் இரண்டு தரம் கேட்டார்: "என்ன காருக்கு?" இரண்டு தரமும் "மொறிஸ் மைனர்" என்றேன். உள்ளே போனவர் ஒரு சோடி பிறேக் சூவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் கடதாசிப் பையைப் பிரித்துப் பழைய பிறேக் பாட் ஒன்றை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தேன். சூ பிறை போல வளைந்து கிடந்தது. பாட் தட்டையாக, தேய்ந்த செருப்படி போல இருந்தது. அவர் இரண்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, மைனருக்கு டிஸ்க் வாறல்லயே."

"வாறேல்லைத்தான் நானா. ஆனா என்ரை காரிலை இருக்குது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கிற நிலையில் இல்லை. முரசுமோட்டையிலிருந்து இரவு பஸ் ஏறி, விடியக் கொழும்பில் இறங்கி, காலைச் சாப்பாடும் இல்லாமல் அது ஐந்தாவது கடை.

அவர் சொன்னது சரிதான். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. அன்று தொடக்கம் உற்பத்தி நின்ற நாள்வரை நாலு சில்லுக்கும் டிரம் பிறேக்தான். 1962 இல் எஞ்சின் 1098 சிசியாகப் பெருத்தபோது முன் டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினார்கள், அவ்வளவே. இத்தனைக்கும் டிஸ்க் பிறேக் அப்போது புதினமில்லை. லான்செஸ்ரர் என்கிற ஆங்கிலேயர் 1902 இலேயே அதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். 1953 இல் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் லு மான் 24 மணி நேர ஓட்டத்தில் முதலாவதாக வந்தது. மைனரைச் செய்தவர்கள் அசையவில்லை. டொக்ரர்மாரும் தபால்காரரும் ஓடுகிற காருக்கு அதெல்லாம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்து வெள்ளத்தை அவர்கள் கண்டதில்லை. ஒரு பாலத்தடியில் முழங்காலளவு தண்ணீருக்குள்ளால் மைனரை ஓட்டிக் கரையேறிப் பிறேக்கை மிதித்துப் பார்த்தவனுக்குத் தெரியும். டிரம்முக்குள் போன தண்ணீர் காயும்வரை பிறேக் என்று ஒன்று இல்லை. டிஸ்க் வெளியே திறந்து கிடக்கிறது, சுற்றிச் சுற்றித் தண்ணீரை உதறிவிடும், சூட்டையும் காற்றிலே விட்டுவிடும்.

ஆகவே யாரோ ஒருவர் என் காருக்கு டிஸ்க் பூட்டியிருக்கிறார். யாரென்று தெரியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய கார்களுக்கு விலை ஏறத் தொடங்கிய காலத்தில் வாங்கியது இது. விற்றவர் நேர்மையான மனுசன். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது வந்த வெள்ளத்தில் இரண்டு நாள் நின்ற கார் என்பதைச் சொல்லித்தான் தந்தார். பிறேக் மாற்றின கதை அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

எனக்கு அது தெரியவந்தது ஒரு மாட்டுப் பட்டியால். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், பின்னேரம், மாடுகள் பட்டிக்குத் திரும்புகிற நேரம். மிதித்தேன். கார் நின்றது, ஆனால் இடப்பக்கம் இழுத்துக்கொண்டுபோய் வாய்க்கால் வரம்பில் நின்றது. மாடுகள் ஒன்றும் நடவாததுபோலப் போயின. இறங்கிச் சில்லுகளைத் தொட்டுப் பார்த்தேன். இட முன்சில்லு கை வைக்க முடியாத சூடு. வலம் குளிர்ச்சி.

இடப்பக்கம் இழுத்தால் பிழை இடப்பக்கத்தில் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அநேகமாக அது மறுபக்கத்தில் இருக்கும். பிடிக்கிற சில்லுத்தான் தன் பக்கம் இழுக்கிறது. பிடிக்காதது பேசாமல் உருளுகிறது. வீட்டில் வைத்து ஜக்கை ஏற்றி, கட்டை வைத்து, இரண்டு முன்சில்லையும் கழற்றினேன். இடப்பக்கப் பாட் இரும்பு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. வலப்பக்கப் பாட் புதிது போல. அந்தப் பாட்டை அழுத்துகிற கலிப்பருக்குள் இருக்கிற பிஸ்ரன் துருவேறி இறுகிப்போயிருந்தது. வெள்ளத்தில் நின்ற இரண்டு நாளின் கணக்கு.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. பூட்டியிருப்பது எந்தக் காரின் சாமான் என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் பிடித்தது.

எங்கள் பக்கத்துக் கார்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. 1990 இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு வடக்கில் பெற்றோல் என்பது மருந்துபோல. கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அந்தக் கூத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டவை இந்த மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களும்தான். உதிரிப்பாகம் வராத இடத்தில் ஒரு காருக்கு இன்னொரு கார்தான் கடை. பிறகு 2009, இறுதிப்போர். பரந்தன் – முல்லைத்தீவு வீதியால், இந்த முரசுமோட்டையைத் தாண்டித்தான் சனமும் வாகனங்களும் கிழக்கே போயின. போன வாகனங்களில் அநேகம் முள்ளிவாய்க்காலிலும் வட்டுவாகலிலும் துருப்பிடித்துக் கிடந்ததை எல்லாரும் கண்டோம். தப்பி வந்ததும், பிறகு தெற்கிலிருந்து வாங்கி வந்ததும், இரண்டும் சேர்த்துப் பொருத்தினதுமாகத்தான் இன்றைக்கு இங்கே பழைய கார் ஓடுகிறது. பதிவுப் புத்தகத்தில் ஒரு கார் இருக்கும், பொனற்றைத் திறந்தால் மூன்று கார் இருக்கும்.

அப்படிப்பட்ட காரில் ஒரு சாமானை அடையாளம் காண, காரின் பெயரை முதலில் மறக்கவேண்டும். சாமானையே கேட்கவேண்டும்.

நான் கேட்ட முதல் கேள்வி சில்லு நட்டுகளிடம். நாலு போல்ற் உள்ள சில்லில் எதிரெதிர் இரண்டு போல்ற்றுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் போதும். 101.6 மில்லிமீற்றர் வந்தது, அதாவது சரியாக 4 அங்குலம். மைனரின் சொந்த அளவு. ஜப்பான் கார்கள் பலவற்றில் இது 100 அல்லது 114.3. நூறுக்கும் நூற்றியொன்றரைக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நட்டை இறுக்கி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி இறுக்கின நட்டு ஒருநாள் தானாகக் கழரும். என் காரில் சில்லும் அது பூட்டுகிற ஹப்பும் பிரித்தானியச் சாமான் என்பது தெரிந்தது.

டிஸ்க் தட்டு அந்த ஹப்புக்கு ஏற்ற மாதிரி லேத்தில் கடைந்தது. கருவித்தடம் இன்னும் தெரிந்தது. கலிப்பரைத் தாங்குகிற இரும்புத் துண்டு வெட்டித் துளைத்தது, ஆனால் நல்ல வேலை. பூட்டினவர் ஓரமெல்லாம் அரம் போட்டு மழுக்கியிருந்தார். கலிப்பர் ஜப்பான்காரன். அழுக்கைக் கம்பித்தூரிகையால் தேய்த்தபோது வார்ப்பில் "அக்கெபோனோ" என்கிற பெயர் எழும்பி வந்தது. (தேய்க்கிறவர்கள் கவனிக்கவேண்டும். பழைய பாட்களின் தூளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.) பெயர் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று துள்ளினேன். முடியவில்லை. அது பிறேக் செய்கிற கம்பனியின் பெயர். அவர்கள் எத்தனையோ கார்க் கம்பனிகளுக்குக் கலிப்பர் கொடுத்தவர்கள். பெயர் அல்ல, அளவுதான் உதவும்: பிஸ்ரனின் விட்டம், பாட்டின் நீள அகலம், டிஸ்க்கின் விட்டமும் தடிப்பும், தட்டின் முகத்திலிருந்து ஹப் வரையுள்ள ஆழம்.

கடைசியாகப் பிறேக் குழாய். எனக்கு மயிர் கூச்செறிந்தது இங்கேதான். பிரித்தானியக் குழாய் நட்டு மூன்றெட்டு அங்குலம், அதாவது 9.5 மில்லிமீற்றர் சொச்சம். ஜப்பான் கலிப்பரின் துளை 10 மில்லிமீற்றர். ஒன்றுக்குள் மற்றதைத் திருகினால் போகும். கொஞ்சம் ஆடும், ஆனால் போகும், இறுகினதுபோலவும் காட்டும். மைனருக்கு ஒரே பிறேக் வழி. ஒரு குழாய் கழன்றால் நாலு சில்லும் போச்சு, மிச்சம் கைப்பிறேக்தான். என் காருக்கு டிஸ்க் பூட்டிய அந்த முகந்தெரியாதவர் இதை அறிந்திருந்தார். றப்பர் ஹோஸின் ஒரு முனையில் பிரித்தானியப் புரியும் மறுமுனையில் ஜப்பான் புரியும் வைத்துச் செய்வித்திருந்தார். அந்த ஹோஸைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். அவரைக் கண்டால் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கவேண்டும்.

பஞ்சிகாவத்தைக் கடைக்காரரிடம் அளவுகள் எழுதின துண்டைக் கொடுத்தேன். "இதை முதல்லயே தந்திருக்கலாமே" என்றார். பத்து நிமிடத்தில் பாட்டும் சீல் பெட்டியும் வந்தன. ஹோஸைத்தான் அந்த அளவுக்கு இன்னோர் இடத்தில் சொல்லிச் செய்விக்கவேண்டியிருந்தது.

பூட்டுகிற வேலை இலேசு. இறுகின பிஸ்ரனைச் சுத்தியலால் அடிக்காமல், ஹோஸைக் கழற்றாமல், முன்னால் ஒரு பலகைத் துண்டை வைத்துப் பிறேக்கை மெல்ல மிதித்தே வெளியே எடுத்தேன். அதன் தோல் அரித்துப்போயிருந்ததால் பிஸ்ரனையும் மாற்றினேன். சீலுக்குப் பிறேக் ஒயிலைத் தவிர வேறு எண்ணெய் தொடக்கூடாது. எஞ்சின் ஒயில் பட்டால் அந்த றப்பர் ஊதிவிடும். இரண்டு பக்கமும் புதுப் பாட். வலம் நன்றாகத்தானே இருந்தது என்று ஒருபக்கம் மட்டும் மாற்றுவது சோம்பேறி வேலை. பிறகு எயார் எடுக்கத் தொடங்கினேன். மகன் மிதிக்க, நான் கலிப்பரில் காற்றை வெளியே விடுகிற நிப்பிளைத் திறந்து மூட, ஒரு பின்னேரம் முழுக்க. மூன்று போத்தல் ஒயில் போனது. மிதி இன்னும் பஞ்சுபோலத்தான் அமிழ்ந்தது.

அடுத்தநாள் பரந்தனிலிருந்து ஒரு பழைய மெக்கானிக் ஐயாவைக் கூட்டிவந்தேன். எழுபது தாண்டியவர். குனியவில்லை, தொடவில்லை, நின்ற இடத்தில் நின்று பார்த்தார்.

"தம்பி, நிப்பிள் எங்கை நிக்குது?"

"கீழை ஐயா."

"காத்து எங்கை நிக்கும்?"

"மேலை."

"பிறகென்ன?"

வலத்தை இடத்திலும் இடத்தை வலத்திலும் பூட்டியிருந்தேன். இரண்டும் அச்சாகப் பொருந்திவிட்டன, ஆனால் நிப்பிள் அடிப்பக்கம் போய்விட்டது. மூன்றல்ல, முப்பது போத்தல் ஊற்றினாலும் மேலே நின்ற காற்று வந்திராது. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரிக்கிறான் என்பது முதுகில் தெரிந்தது.

ஐயா அதோடு விடவில்லை. கலிப்பர்களை மாற்றிப் பூட்டி, மிதி கல்லுப்போல ஆனபிறகும் சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தார். பாட் இலேசாக உரசியது. "இடப்பக்கம் சுட்டது ஏனெண்டு கேட்டியே?" என்றார். நான் கேட்கவில்லை. வலம் பிடிக்காததால் இடம் இரட்டை வேலை செய்து சுட்டது என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

மைனரின் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, தரைத்தகட்டுக்கு அடியில் இருக்கிறது. அதற்குள் ஒரு சின்ன வால்வு. மிதியை விட்ட பிறகும் குழாயில் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 10 இறாத்தல் அமுக்கத்தை அது பிடித்துவைத்திருக்கும். டிரம் பிறேக்குக்கு அது தேவை. சில்லுச் சிலிண்டரின் றப்பர் விளிம்பைச் சுவரோடு ஒட்டவைத்துக் காற்றை உள்ளே விடாது. டிரம்முக்குச் சூவை இழுத்தெடுக்கப் பலமான ஸ்பிறிங் உண்டு. டிஸ்க்குக்கு ஸ்பிறிங் கிடையாது. மிதித்தபோது முறுகின சீல் தன் நிலைக்குத் திரும்புகையில் பிஸ்ரனை ஒரு மயிரிழை பின்னே இழுக்கும், அவ்வளவுதான். அந்த 10 இறாத்தல் அதைத் திரும்ப விடாது. ஹோஸில் அத்தனை கவனம் எடுத்த மனுசன் இதைத் தவறவிட்டுவிட்டார். ஐயா அந்த வால்வை எடுத்துவிட்டு, டிரம்மாகவே இருக்கிற பின்சில்லுகளுக்குப் போகிற குழாயில் மட்டும் தனியாக ஒன்றைப் போட்டார். ஒயில் தொட்டி கலிப்பரிலும் பதிவாக இருந்தால் ஒயில் திரும்பி வடியும் என்று, எஞ்சின் பக்கச் சுவரில் உயர ஒரு போத்தலை வைத்துக் கீழே குழாய் இழுத்தார். கூலியாக அவர் கேட்டதைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

இப்போது கார் நேராக நிற்கிறது. பாட் மாற்றின எவரும் காரை எடுக்கமுதல், நின்ற இடத்திலேயே மிதியை நாலைந்து தரம் மிதித்துக்கொள்ளவேண்டும். பின்னே தள்ளிய பிஸ்ரன் முன்னே வரும்வரை முதல் மிதி வெறுமனே தரைக்குப் போகும். இதை மறந்து படலையை இடித்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

உங்களிடம் ஒரு பழைய கார் இருந்து, அதில் இல்லாத சாமானை நீங்கள் பூட்டினால், எங்கேயாவது எழுதி வையுங்கோ. எந்தக் காரின் கலிப்பர், எந்தப் புரி, எத்தனை மில்லிமீற்றர், எந்த வால்வை எடுத்தீர்கள் என்று ஒரு துண்டில் எழுதிப் பதிவுப் புத்தகத்துக்குள் செருகினாலும் போதும். நாளைக்கு அந்தக் கார் யார் கைக்குப் போகுமென்று உங்களுக்குத் தெரியாது. என் காரின் டாஷ்போட் லாச்சிக்குள் இப்போது ஒரு அட்டை இருக்கிறது. அதில் முதல் வரி: நிப்பிள் மேலே.