பாடத்தைத் திறந்தவரெல்லாம் படித்தவராகி விடுவாரா?

'ஆன்லைனில் வகுப்பு தொடங்கி விட்டோம்' என்று மார்தட்டிக் கொள்ளும் அமைப்புகள் இன்று பெருகி விட்டன. நல்ல காரியம்தான். ஆனால் அந்த வகுப்பில் சேர்ந்தவர்கள் எதைக் கற்றுக் கொண்டு வெளியே வந்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பிறரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்தத் தவறைச் செய்தவர்களில் நாமும் அடக்கம்.

கடைகளில் வேலை செய்யும் நம் இளைஞர்கள் ஜி.எஸ்.டி. கணக்கைக் கற்றுக் கொள்ளட்டும் என்று 'மூடுல்' என்ற மென்பொருளில் ஒரு பாடம் அமைத்தோம். வீடியோக்களையும் பி.டி.எஃப். தாள்களையும் ஏற்றினோம். சில வாரங்கள் கழித்துப் பட்டியலைப் பார்த்தால், எல்லோர் பெயருக்கு நேராகவும் 'முடித்தார்' என்ற அடையாளம்! மகிழ்ந்து போய்ச் சான்றிதழும் வழங்கி விட்டோம்.

அந்தச் சான்றிதழை நம்பி வணிகர் ஒருவர் ஓர் இளைஞரைக் கணக்கெழுத அமர்த்தினார். ஒரு மாதத்து பில்களைக் கொடுத்து, ஜி.எஸ்.டி.ஆர்.1 படிவத்துக்குப் பிரித்துத் தரச் சொன்னார். பதிவு பெற்ற வியாபாரிக்குப் போட்ட பில்லைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும், உள்ளூர்ச் சில்லறை விற்பனையைத் தொகுத்துக் காட்ட வேண்டும் என்ற அடிப்படை கூட அவருக்குத் தெரியவில்லை. வேலை போனது. 'உங்கள் சான்றிதழை நம்பித்தானே பாய் எடுத்தேன்?' என்று அந்த வணிகர் கேட்டபோது நாம் தலைகுனிந்து நின்றோம்.

தவறு யாருடையது? மென்பொருளுடையதா? இல்லை. பக்கத்தைத் திறந்தாலே பாடம் முடிந்ததாகக் குறித்துக் கொள் என்று அதற்குச் சொல்லி வைத்தவர்கள் நாம்தாம். சொன்னதை அது செய்தது.

மூடுலை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமாஸ் ஆஸ்திரேலியப் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். சிறுவயதில் வானொலி வழியாகப் பள்ளிப் பாடம் படித்தவர். 2002ல் மூடுலின் முதல் பதிப்பை வெளியிட்டார். இன்றும் அதற்கு உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அந்த வானொலிக்கு மறுமுனையில் ஓர் ஆசிரியர் இருந்தார். நம் வகுப்பின் மறுமுனையில் யார் இருந்தார்கள்?

மதரஸாவில் ஹிஃப்ளு ஓதும் சிறுவனைப் பாருங்கள். நேற்றைய பாடத்தைக் கேட்காமல் இன்றைய பாடத்தை உஸ்தாத் கொடுப்பதில்லை. இதே ஏற்பாடு மூடுலிலும் இருக்கிறது. முதல் பாடத்தின் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் பெற்றால்தான் அடுத்த பாடம் திறக்கும் என்று நிபந்தனை வைக்கலாம். நாம்தான் அதைத் தொடாமல் விட்டோம்.

இனி வகுப்பு அமைப்போர் கவனிக்க வேண்டியவை:

முதலாவதாக, வகுப்பின் முடிவில் மாணவர் எந்த வேலையைத் தாமாகச் செய்ய வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். அதற்கான தேர்வை முதலில் தயாரியுங்கள். வீடியோ பிறகு வரட்டும்.

இரண்டாவதாக, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் மட்டும் போதாது. பெயர்களை மறைத்த உண்மையான பில்களைக் கொடுத்துக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். அதைத் திருத்த ஒரு மனிதர் வேண்டும்.

மூன்றாவதாக, இரவு கடை அடைத்த பிறகு படிப்பவருக்கு ஒரு மணி நேர வீடியோ எதற்கு? பத்து நிமிடப் பாடங்களாகப் பிரியுங்கள். மூடுலின் செல்பேசிச் செயலியில் பாடத்தை இறக்கி வைத்து, இணையம் இல்லாதபோதும் படிக்கலாம்.

நான்காவதாக, ஒரு வாரமாக உள்ளே வராதவர் யார் என்பதைப் பட்டியல் காட்டும். அவருக்குப் போன் செய்து என்ன சிரமம் என்று கேளுங்கள்.

வணிகப் பெருமக்களே! மென்பொருள் இலவசம் என்றாலும் சர்வர் வாடகை உண்டு, பராமரிப்பு உண்டு. அதற்கு நீங்கள் தருவீர்கள் என்பதில் ஐயமில்லை. அதோடு, உங்கள் கணக்காளரின் நேரத்தில் வாரம் ஒரு மணியை இந்த இளைஞர்களுக்காகத் தாருங்கள். பணத்தை விட அதுதான் இப்போது தேவை.

வேலை இழந்த இளைஞரை மீண்டும் அழைத்து முதல் பாடத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம். இம்முறை அவர் பிரித்துத் தரும் பில்களை நம் கண்ணால் பார்க்காமல் கையெழுத்திடப் போவதில்லை. சான்றிதழ் என்பது சாட்சியம். பார்க்காத ஒன்றுக்கு நாம் சாட்சி சொல்லலாமா?