நிற்கிற லாரிக்கு என்ன கணக்கு?

ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வண்டிகளைக் கோடு போட்டு எண்ணுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான்கு கோடு, குறுக்கே ஒன்று, ஆக ஐந்து. ஒரு சாலையை அகலப்படுத்துவதா, அப்படியே விடுவதா என்ற அதன் தலையெழுத்து அந்தத் தாளில்தான் தொடங்குகிறது.

லாரியும் சைக்கிளும் ஒன்றாகுமா? ஆகாது. அதனால் எல்லாவற்றையும் காராக மாற்றிவிடுகிறார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் (கட்சி இல்லைங்க, 1934-ல் தொடங்கிய பொறியாளர்கள் அமைப்பு) 1990-ல் வெளியிட்ட கணக்குப்படி கார் 1, பைக் 0.5, லாரி 3, டிரெய்லர் 4.5, பெரிய மாட்டு வண்டி 8! சமவெளியில் இருவழிச் சாலைக்கு நாளொன்றுக்கு 15,000 கார் அளவு. நான்குவழிக்கு 35,000. ஓரத்திலும் கெட்டியான தளம் போட்டிருந்தால் 40,000 வரை கொள்ளலாம்.

அந்த ஓரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்க தூத்துக்குடிக்கு வருவோம். 2023-24-ல் வ.உ.சி. துறைமுகம் கையாண்ட சரக்கு 4 கோடி டன்னுக்கும் மேல். அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி கன்வேயரில் போய்விடும், கொஞ்சம் ரயிலில் போகும். மிச்சமெல்லாம் ரோடுதான். கப்பல் வந்தால் லாரி வரும். கேட்டில் தாமதமானால் அந்த லாரி எங்கே நிற்கும்? சாலையோரத்தில்தான். கோடு போடுகிறவரோ கடந்து போகும் வண்டியை மட்டும்தான் எண்ணுகிறார். நிற்கிற லாரி அவர் தாளில் பூஜ்யம். ஆனால் 40,000 என்று சொல்லவைத்த ஓரத்தை விழுங்கிவிட்டு நிற்பது அதுதானே?

விடியுமுன்னே உப்பளத்துக்கு பைக்கிலும் சைக்கிளிலும் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். கணக்கில் ஆளுக்கு அரை. ஓரமாய்ப் போக வேண்டிய அந்த அரை, நிற்கிற டிரெய்லரைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டுக்கு வருகிறது. பின்னால் இன்னொரு 4.5 வந்துகொண்டிருக்கிறது. பின்விளக்கு எரியாத டிரெய்லராக இருந்தால் கேட்கவே வேண்டாம்...

நெரிசல் என்றாலே ஆறுவழிச் சாலை கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆறு போட்டால் அதன் ஓரத்திலும் லாரி நிற்கும், அவ்வளவுதான். துறைமுகத்தை ஒட்டி டிரைவர்கள் தூங்கவும் குளிக்கவும் வசதியோடு லாரி நிறுத்தங்கள் போதுமான அளவு வேண்டும். எத்தனை லாரிக்கு என்று தெரிய வேண்டுமானால், எண்ணுகிறவருக்கு இன்னொரு தாள் கொடுங்கள். மணிக்கு ஒருமுறை, ஓரத்தில் எத்தனை வண்டி, எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று அதில் எழுதட்டும். கப்பல் வந்த நாளிலும், வராத நாளிலும்.