வாய்மூடி விற்பது மோசடியே!

வாங்குகிறவன்தான் பார்த்து வாங்க வேண்டும் என்கிறார்கள் நிலத் தரகர்கள். எதைப் பார்ப்பது? பத்திரம் அவர்கள் பெட்டியில். பணம் மட்டும் நம் மடியில்!

1966ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி அந்தமான் நிலமெல்லாம் மத்திய அரசின் சொத்து. அப்படியானால் விற்பவர் கையில் இருப்பது அனுபவ உரிமையா, உரிமமா, வெறும் ஆக்கிரமிப்பா? 2004 சுனாமியில் சிப்பிகாட் வயல்களைப்போலக் கடல்நீர் ஏறிய இடமா? இதை மறைத்தால் நம் பத்தாண்டுக் கூலி பாழ்!

சாதாரணக் கவனத்தில் நம் கண்ணுக்குப் படாத குறை, விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் சொல்லியே தீரவேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. வாய்ச்சொல்லை நம்போம்; எழுதிக் கையெழுத்திடச் சொல்வோம். மறுப்பவருக்கு முன்பணமாக ஒரு காசும் கொடோம்!