மலைப்பாதையில் காலை வாரும் தேய்ந்த டிஸ்க்: பேட் மட்டும் மாத்தினா போதுமா?

மேட்டுப்பாளையம்,
மேட்டுப்பாளையம்-குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் திட்டு வாங்குவது டிரைவர்தான். சக்கரத்துக்குள் இருக்கும் டிஸ்க்கை யாரும் பார்ப்பதில்லை.

பேட் தேய்ந்தால் கிறீச் சத்தம் வரும், மாற்றி விடுகிறார்கள். கூடவே டிஸ்க்கும் தேய்கிறது. பிரேக்கை மிதித்தால் பெடல் துடிக்கிறதா, ஸ்டீயரிங் ஆடுகிறதா? வண்டியை ஒர்க்ஷாப்பில் விட வேண்டியதுதான்.

கோடு விழுந்த டிஸ்க்கை லேத்தில் கொடுத்து இரண்டு பக்கமும் கடைந்து வாங்குகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்று பல டிஸ்க்குகளிலேயே மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் அளப்பது சில நிமிட வேலை. கனம் அதற்கு கீழே போனாலோ, வெடிப்பு விட்டிருந்தாலோ புதுசுதான் போட வேண்டும். மெலிந்த டிஸ்க் சூட்டை தாங்காது. தொடர்ந்து மிதித்து சூடு ஏறினால் பேட்டின் பிடிப்பு குறையும், பிரேக் ஆயிலும் கொதிக்கும். அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

வாடகை வண்டிகளுக்கு 8 வருடம் வரை 2 ஆண்டுக்கு ஒரு முறைதான் எப்.சி. நடுவில் டிஸ்க்கை அளப்பது யார்? 'இன்னொரு தடவை கடைஞ்சிடலாம்ணே' என்று பேச்சு முடிந்து விடுகிறது. டியூ கட்டுகிறவருக்கு புது டிஸ்க் காசு பெரிசுதான். பின்சீட்டில் குழந்தையோடு ஏறுகிறவருக்கு இந்த கணக்கு தெரியாது.

கடைந்து வாங்கும்போது மிச்சம் உள்ள கனத்தை பில்லில் எழுதித் தரச் சொல்லி டிரைவர்கள் கேட்கலாம். அதற்கு தனி செலவு கிடையாது.