இரண்டு தராசுகள் எதற்கு?

அண்மையில் எங்கள் கினிகத்தேனையில் நடந்த ஓர் இலக்கியச் சந்திப்பில், 19ஆம் நூற்றாண்டு மலபாரில் ஜன்மிகளைக் கொன்ற மாப்பிள்ளைக் குடியானவர்களைப் பற்றி நண்பரொருவர் உருக்கமாகப் பேசினார். அவர்களை மதவெறியர் என்று ஒதுக்கியது அநியாயம். நிலப் பிரச்சினையே மூல காரணம் என்று 1880களில் வில்லியம் லோகனே சொல்லிவிட்டார் என்றார். எல்லோரும் கை தட்டினோம்.

தேநீர் வேளையில் நான் புப்புரஸ்ஸ ஸ்டெலன்பர்க் தோட்டத்தைப் பற்றிக் கேட்டேன். 1941இல் அங்கே போப் துரை கொல்லப்பட்டார். வீராசாமி, வேலாயுதம் என்ற இரு தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டனர். "அது வெறும் கொலைக் கேஸ்தானே சேர்!" என்றார் நண்பர்.

மலபாருக்குக் காரணம் தேடுகிற நாம், புப்புரஸ்ஸவுக்குத் தீர்ப்பு மட்டும் போதுமென்கிறோம். இது என்ன நியாயம்?

கொலையை நான் நியாயப்படுத்த வரவில்லை. போப்பின் உயிரும் உயிர்தான். ஆனால் காரணம் கேட்பது வேறு, கொலைக்குக் கொடி பிடிப்பது வேறு. அயர்லாந்தில் 1847இல், பஞ்ச காலத்தில், டெனிஸ் மேஹன் என்ற நிலப்பிரபு சுட்டுக் கொல்லப்பட்டார். குடியானவர்களை வீட்டைவிட்டுக் கிளப்பியவர் அவர். மலபாரிலும் குடியெழுப்புதலே பெரும் பயம். நம் தோட்டங்களில்? துரை பத்துச்சீட்டுக் கொடுத்தால் வேலை மட்டுமா போகும்? லயத்துக் காம்பிராவும் போகும். சங்கம் சேர்ந்தவனுக்கு அந்தப் பயம் இரட்டிப்பு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்ததை மறந்துவிட்டு, அடுத்த ஆண்டு நடந்ததை விளங்கிக்கொள்ள முடியாது.

நம் மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சொன்னால் கசக்கும். இந்த மலைநாட்டில் நம்மவர் பலர் தோட்டத்தை நம்பிக் கடை வைத்தவர்கள். என் வாப்பாவின் கடன் கொப்பியிலும் லயத்துப் பெயர்களே நிறைந்திருந்தன. அந்தக் கொப்பியின் வருமானத்தில் படித்துத்தான் நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். நண்பரைக் குறை சொல்லுமுன் என்னையே கேட்கிறேன்: அந்தப் பெயர்களில் ஒன்றையாவது கதையாக எழுதினேனா?

இன்றும் என் வகுப்பில் முகவரி எழுதச் சொன்னால், தோட்டத்துப் பிள்ளைகள் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் எழுதுகிறார்கள். வீட்டிலக்கம் இல்லை. பெரும்பாலான லயங்களுக்குக் காணி உறுதியும் இல்லை.

மலபாரைப் பற்றி எழுதுவோம், தாராளமாக எழுதுவோம். ஆனால் அதே தராசில் புப்புரஸ்ஸவையும் நிறுக்க வேண்டும். நிறுக்க மனமில்லையென்றால், மலபாருக்காக நாம் கை தட்டியது நீதிக்காக அல்ல, நம்மவர் என்பதற்காக மட்டுமே.