வேண்டாம் என்பதற்கு முன்

வெளிநாட்டு ஹெவி மெட்டல் இசைவிழாவிற்குச் செல்ல விரும்பும் மாற்றுத்திறனாளியிடம், "இந்நிலையில் அது எதற்கு?" என்று அன்பினால் கேட்கிறோம். "செல்ல என்னென்ன வேண்டும்?" என்று கேட்பதே முறை என்பது எம் கருத்து.

ஜெர்மனியின் வாக்கன் கிராமத்தில் 1990 முதல் நடைபெறும் விழாவில், சக்கர நாற்காலியினர் மேடையைக் காண உயர்தளங்கள் உள்ளன. எனினும் அது வயல்வெளி. 2023இல் மழையால் சேறு மிகுந்து, நுழைவுச்சீட்டு வைத்திருந்த பலரும் திருப்பி அனுப்பப்பட்டனர்.

எனவே, சேற்றில் நாற்காலியைத் தள்ள ஒரு துணை, கைப்பையில் மருந்துச்சீட்டுடன் மருந்துகள், காதடைப்பான், பயணத்திற்குப்பின் ஓய்வுநாள் ஆகியவற்றை மருத்துவருடன் கலந்து முன்கூட்டியே திட்டமிடுவோம். இயலாதபோது பாதியில் திரும்புவதும் தோல்வியன்று. நோயைப் பேணும் நாம், நோயுற்றவரின் விருப்பத்தையும் பேணுவோமாக.